வாசற்காலும் ஒரு வீடே

ஐப்பசித் திங்கள் முதல் நாள். நெடுமாட நாட்டின் கல்லாங்காட்டில் வாழ்ந்த வேலாத்தாளுக்கு ஒரு குறை இருந்தது. நாட்டுப்புறத்தார் வீடு கட்ட வாங்கும் கடனுக்கு அரசே பிணை நிற்கும் என்று முரசறைந்து ஓராண்டு ஆகியும், அவருடைய மகள் மாட்டுக் கொட்டகையில்தான் படுத்திருந்தாள். மகளுக்கு நிறைமாதம். மழைக்கு முன் ஒரு கூரை வேண்டும். வேலாத்தாள் கேட்டது அவ்வளவே.

அரசு மெய்யான நாட்டுப்புறத்துக்கு மட்டுமே பிணை நிற்கும். ஆகவே எது மெய்யான நாட்டுப்புறம் என்று ஆராயத் தகுதி அதிகாரி பல்லக்கில் வந்தார். தெருவிளக்கை உற்றுப் பார்த்தார்.

"விளக்கெரியும் ஊரை அரசு நகரமென்றே கருதும்" என்றார்.

ஊரார் விளக்குகளைக் கழற்றினர். அடுத்த முறை வந்தவர் ஓடைப் பாலத்தைக் கண்டு முகம் சுளித்தார்.

"பல்லக்கு சற்றும் குலுங்கவில்லை. இது கவலைக்குரியது."

பாலமும் போயிற்று. ஓடையைக் கடக்க இயலாமல் மருத்துவச்சி வருவதை நிறுத்தினார். அதை அதிகாரி முன்னேற்றம் என்று பாராட்டினார்.

கல்லாங்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்டுவோர் முதலில் வாசற்காலை நடுவர். மஞ்சள் பூசி, நவதானிய முடிச்சுக் கட்டி நிறுத்திய வாசற்காலை எவரும் பிடுங்கலாகாது. சுவர் எழ எத்தனை காலமானாலும் அது வெட்டவெளியில் நிற்கும். வீட்டுக்காரர் அழைக்காமல் எவரும் அதனுள் கால் வையார். கடனை நம்பி ஊரார் அனைவரும் வாசற்கால் செய்து வைத்திருந்தனர். வேலாத்தாள் மட்டும், ஊர்ப் பொது மந்தைவெளியை ஒட்டிய தம் மனையில் அதை நட்டேவிட்டார்.

மூன்றாம் முறை வந்த அதிகாரி அதைச் சுட்டிக்காட்டினார். "வீடு உள்ளவருக்குப் பிணை இல்லை."

"எங்கீங்க ஊடு? செவுரே இல்லீங்களே. அந்தப் பக்கம் எரும மேயறது தெரியுது பாருங்க."

"காற்றோட்டம் மிகுதி, அது குறையாகாது. வாசற்காலும் ஒரு வீடே என்பது அமைச்சரின் ஆணை. பிடுங்கி எறிந்தால் விண்ணப்பிக்கலாம், அம்மா."

"வெளக்கக் கழட்டுனோம், பாலத்த ஒடச்சோம். இதையும் புடுங்கீட்டு எதுக்குங்க கடன், சுடுகாடு கட்டவா? புடுங்கமாட்டனுங்க."

அதிகாரி போனபின் பக்கத்து மனைக்காரர் ராக்கியப்பன் சிரித்தார். "அப்ப நீ ஊட்டுக்காரியாயிட்டயக்கா. வந்தவனுக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி கெடையாதா?"

வேலாத்தாள் சிரிக்கவில்லை. "ஆணை அவிய போட்டதுதான தம்பி? உன்ற வாசக்காலத் தூக்கீட்டு வா."

கல்லாங்காடே நாட்டின் முதன்மையான நாட்டுப்புறம் என்று அறிவிக்க அமைச்சர் வருவதாக இருந்தது. மந்தையில் அவருக்குப் பெரும்பந்தல் போட்டிருந்தார்கள். அவர் வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. பல்லக்கு ஓடையில் தத்தளித்துக் கரையேறியபோது, வேலாத்தாளின் மனையில் தொடங்கிப் பந்தலைச் சுற்றிலும் இடைவெளியின்றி வாசற்கால்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் மஞ்சள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். பந்தலுக்குள் வேலாத்தாளின் மகள் வலியில் முனகிக்கொண்டிருந்தாள்.

"விலகுங்கள். அமைச்சர் நனைகிறார்" என்றார் அதிகாரி.

"இது ஊடுங்க. ஊட்டுக்காரியக் கேக்காம உள்ள வருவீங்களா?" என்றார் வேலாத்தாள்.

அமைச்சர் தம் ஆணையையே எண்ணிப் பார்த்தார். வீடன்று என்றால் பிணைக்குக் கையொப்பமிட வேண்டும். வீடு என்றால் வெளியே நிற்க வேண்டும்.

"மழை பெய்கிறதே, அம்மா" என்றார்.

"எங்க கொறையும் அதுதானுங்க, ஒரு வருசமா. மொதல்ல அந்தப் பல்லக்க அக்கரைக்கு அனுப்புங்க, மருத்துவச்சி வரோணும். பொறகு வெளக்கு, பாலம், கையெழுத்து. அப்பறம் கூப்படறனுங்க."

பல்லக்கு போயிற்று, மருத்துவச்சியுடன் திரும்பிற்று. அவர் கேளாமலே எல்லா வாசற்கால்களும் அவருக்கு வழிவிட்டன. பொழுது சாயுமுன் பந்தலுக்குள் ஒரு குழந்தை அழுதது. கையொப்பமிட இன்னும் மனம் வராத அமைச்சர் வெளியே நின்றார்.

இன்றும் அங்கேயே நிற்கிறார், வாசகரே. இரக்கப்பட்டு அவருக்குக் குடை கொண்டு ஓடாதீர். உம் ஊரில் உம் கையாலேயே கழற்ற வைத்த விளக்கு எது என்று தேடிப் பாரும். அதைத் திரும்பக் கேளும். தரும்வரை வாசலை விட்டு நகராதீர்.