வெள்ளவத்தைக்குப் போன சயன்ஸ் அப்பம்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் படிக்கத் தொடங்கினால், ஆபத்து அவனுக்கல்ல, வீட்டாருக்குத்தான். அவன் என்ன சொன்னாலும் மறுத்துப் பேச அங்கே ஆளில்லை. உளறினால்கூட, "படிச்ச பிள்ளை சொல்லுது" என்று தலையாட்டுவார்கள். அப்படி என்னை நம்பிக் கெட்டவர் அப்பு, என் தகப்பனார்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். கொட்டாஞ்சேனையில் அப்பு ஒரு சின்ன அப்பக்கடை வைத்திருந்தார். நான் கல்லூரியில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். (அது என்ன படிப்பு என்று அம்மா கேட்டபோது "டாக்குத்தர் படிப்புக்கு முதல் படி" என்றேன். தெருக்கோடிக்குப் போவதற்குள் அது டாக்குத்தர் படிப்பாகவே ஆகிவிட்டது. நானும் திருத்தவில்லை.)

அந்த வாரம் எங்களுக்குச் செல் பிரிவு பற்றிய பாடம். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து முதன்முதலாக ஈஸ்டைப் பார்த்தேன். முட்டை வடிவில் ஒரு செல். அதன் தோளில் கடுகுபோல் ஒரு மொட்டு. மொட்டு பருத்துத் தனிச் செல்லாகப் பிரிந்துபோகும். பிறகு அதுவும் மொட்டு விடும். அப்பு மாவில் ஊற்றும் கள்ளில் இருப்பதும் அப்ப மாவைப் பொங்க வைப்பதும் இதுதான் என்று விரிவுரையாளர் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. எங்கள் கடைச் சங்கதி இங்கிலீசுப் புத்தகத்தில்!

அந்த நேரம் பார்த்து, வசதியானவர்கள் குடியிருக்கும் வெள்ளவத்தையிலிருந்து ஒரு ஓடர் வந்தது. பென்ஷன் எடுத்த கிளாக்கர் ஒருவர், மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பின்னேரம் வீட்டுக்கே வந்து சுடச்சுட அப்பம் சுட்டுத் தர வேண்டும் என்றார். அப்புவுக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

"வெள்ளவத்தையிலை ஒரு வீடு பிடிச்சாக் காணும், அதுவே போதும். பிறகு கலியாணம், காதுகுத்து எல்லாம் எங்களிட்டைத்தான்" என்றார். அவருடைய பல வருட ஆசை அது.

அன்று விடியவே நான் முன்னுக்கு வந்தேன்.

"அப்பு, இண்டைக்கு மாவை நான் கரைக்கிறன்."

"நீயோ?"

"கள்ளுக்குள்ளை செல் இருக்கு. ஒண்டு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். நீங்கள் போடுற அரிசிமாவிலை பாதி காணும்." (செல் பெருகும் கணக்கிலேயே மாவும் பெருகும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.)

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "தாய்ச் செல்லிலையிருந்து பிள்ளைச் செல் வரும் எண்டு நேற்றுச் சொன்னாய். தகப்பன் எங்கை?"

"தகப்பன் தேவையில்லை அம்மா. தானே பிரியும்."

அப்புவின் முகம் கறுத்தது. "உந்தக் கதையைத்தான் கொலிச்சிலை படிப்பிக்கினமோ?"

ஆனால் "பாதி மா" என்ற சொல் அவர் காதில் நன்றாக விழுந்திருந்தது. அரிசி கூப்பனுக்குக் கிடைத்த காலம் அது. பொறுப்பை என்னிடம் தந்துவிட்டு விறகு வாங்கப் போனார்.

வத்தளையிலிருந்து வந்த கள்ளுப் போத்தலைப் பார்த்தேன். மேலே நுரை, நுரையில் எறும்புகள், ஒரு தேனீ. பெரிய மனிதர் வீட்டுக்கு இதையா கொண்டுபோவது? சுகாதாரப் பாடமும் நான் ஒழுங்காகப் படித்தவன். வடிகட்டினேன். தளதளவென்று கொதிக்க வைத்தேன். ஆறவிட்டு மாவில் ஊற்றினேன். பானையைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஒருவரும் திறக்கக் கூடாது என்று கட்டளையிட்டேன்.

"திறந்தா என்னவாம்?" என்றாள் அம்மா.

"செல்லுக்குக் குளிர் பிடிக்கும்."

அடுத்த கவலை, வழியப்போகும் மாவை எதில் பிடிப்பது என்பது. தெருவில் வீடுவீடாகப் போய்ப் பாத்திரம் கேட்டேன். முன்வீட்டில் மாட்டு வண்டில் வைத்துப் புறக்கோட்டைக் கடைகளுக்குச் சாமான் ஏற்றும் காசிம் காக்கா இருந்தார்.

"எவ்வளவு பெரிய பாத்திரம் வேணும் தம்பி?"

"கணக்குப்படி பாத்தா உங்கட வீடும் காணாது காக்கா."

காக்கா வீட்டுக்குள் போய்ப் பிரியாணி அண்டாவைத் தூக்கி வந்தார். "நானே வண்டில் கட்டிக்கிட்டு வாறேன். இதைப் பாக்காம இருக்க ஏலாது" என்றார்.

ஒரு பானை மாவும் அதைச் சுற்றி ஊரார் வீட்டு வெறும் பாத்திரங்களுமாக, அப்புவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டில் புறப்பட்டது. செல் பிரியும்போது குலுங்கக் கூடாது என்று நான் சொன்னதால், காலிமுகத்திடலில் நடந்துபோனவர்கள் எல்லாரும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

வெள்ளவத்தையில், வீட்டுப் பின்முற்றத்தில் அடுப்பு மூட்டி அப்பத் தாச்சியைக் காயவைத்தோம். காக்கா அண்டாவைத் தயாராக ஏந்திக்கொண்டு நின்றார். நான் துணியை அவிழ்த்தேன்.

மா, காலையில் நான் விட்ட இடத்திலேயே இருந்தது. ஒரு குமிழி இல்லை.

அப்பு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "தம்பி, கள்ளை என்ன செய்தனி?"

"கொதிக்க வைச்சனான்."

"ஏன்?"

"கிருமியெல்லாம் சாகட்டும் எண்டு..."

அந்தச் சொல் வாயைவிட்டு வெளியே வரும்போதுதான் எனக்கே விளங்கியது. இரண்டும் வேறு வேறு பாடங்கள். வேறு வேறு கொப்பிகளில் எழுதியிருந்தேன்.

"அப்ப உன்ரை ஒண்டு ரெண்டாகிற ஆக்கள்?" என்றார் அப்பு.

"அவையும்தான்."

காக்கா அண்டாவை மெல்லக் கீழே வைத்தார். "அல்லாவே, எல்லாம் மவுத்தாப் போச்சா!"

கிளாக்கர் ஐயா ஓடி வந்தார். "என்னப்பா, மாப்பிள்ளை வீட்டார் இலையிலை இருக்கினம்!"

அப்பு கையைப் பிசைந்தார். "ஐயா, பக்கத்திலை எங்கையும் கொஞ்சம் கள்ளு..."

"மெதுவாக் கதை! மாப்பிள்ளையின்ரை தகப்பன் மதுவிலக்குச் சங்கத்துக்காரர்!"

கள்ளுக் கிடைத்திருந்தாலும் பயனில்லை. மா பொங்கப் பல மணித்தியாலம் வேண்டும். அப்பு தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாவற்றையும் மாவில் கொட்டிப் பிசைந்து, தட்டையாகத் தட்டிச் சுட்டார். பாதி மாதானே, ஆளுக்கு அரைவாசிதான் வந்தது. ஓலை விசிறிபோல் விறைத்து நின்றது.

"இதென்ன பலகாரம்?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.

"சயன்ஸ் அப்பம் ஐயா" என்றார் அப்பு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். "மகன் கொலிச்சிலை படிச்சுச் செய்தவர். கள்ளின்ரை குணம் ஒரு துளி கிடையாது."

அந்த மனிதர் ஒருவர்தான் ருசித்துச் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். இருக்கவில்லை.

நிச்சயம் குறையில்லாமல் நடந்தது. கலியாண அப்பம் வேறு கடைக்குப் போயிற்று. வெள்ளவத்தையிலிருந்து பிறகு ஒருவரும் எங்களைக் கூப்பிடவில்லை. திரும்பும் வழியெல்லாம் வெறும் பாத்திரங்கள் கடகடத்தன. புறக்கோட்டை தாண்டும்போது அப்பு, "இனிமேல் முழுப் புத்தகத்தையும் படிச்சுப்போட்டு வந்து கதை" என்றார். அதற்குமேல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் டாக்குத்தராகவில்லை, உயிரியல் வாத்தியாரானேன். கலியாணமாகிச் சில வருடம் பிள்ளை இல்லாதபோது, ஊரார் கோயில் கோயிலாகப் போகச் சொன்னார்கள். அப்பு மட்டும் என் மனைவியைக் கூப்பிட்டு, "பிள்ளை, அவன் குளிக்கச் சுடுதண்ணி வைச்சுக் குடுக்காதை" என்றார்.

மூத்தவள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். கதவடியில் காசிம் காக்காவின் பிரியாணி அண்டா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முன்வீட்டிலிருந்து காக்கா கத்தினார்: "இருக்கட்டும் தம்பி! கணக்குப்படி பாத்தா இனிப் பாத்திரம் காணாதே!"

அதைத் திருப்பி வாங்க அவர் கடைசிவரை மறுத்துவிட்டார். இன்றும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது பிள்ளைப்பேறு என்றால், முதலில் பரணிலிருந்து இறங்குவது அந்த அண்டாதான்.