ஏறியது பதினெட்டு

மார்ச் பதினேழாம் தேதி காலை, தேர்வு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், வெப்பநிலை எவ்வளவு உயரலாம் என்று தீர்மானிக்க உயர்மட்டக் குழு கூடியது. அதுவரை இயற்கை இந்த வேலையை யாரையும் கலந்தாலோசிக்காமல் தானே செய்துவந்தது.

முறையிட்டவர் இயற்பியல் டீச்சர். "இரும்புக் கம்பியின் வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அந்த உயர்வு ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு?" பயிற்சிக் கணக்கு நூலிலிருந்து அப்படியே பரீட்சைக்கு வந்த கேள்வி. டீச்சரின் மாணவி பதினெட்டு என்று எழுதியிருந்தாள். நூலின் 'அதிகாரபூர்வ' விடை ஐம்பது. அந்த ஒரு மதிப்பெண் கிடைத்தால் அவள் தேறுவாள். பாலிடெக்னிக்கில் இடம் காத்திருந்தது.

"அம்பது எப்படித் தப்பாகும்?" என்றார் தலைவர். நூலைத் தொகுத்தவரும் அவரே என்பதால் விசாரணை நடுநிலையாக நடந்தது. "எனக்கு மூணு டிகிரி இருக்கும்மா."

"எந்த அளவுல சார்?" டீச்சர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

சூடு பட்டால் பொருள்கள் விரியும். ஐவராக இருந்த குழு, தேநீர் வருவதற்குள் எழுவரானது.

இரண்டு அளவுகளும் பொறித்த வெப்பமானியை டீச்சர் ஐஸ் தண்ணீரில் வைத்தார். ஒரு பக்கம் பூஜ்யம், மறுபக்கம் முப்பத்திரண்டு. வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். செல்சியஸ் பத்தைத் தொட்டபோது மறுபக்கம் ஐம்பது.

"பாத்தீங்களா, அம்பது" என்றார் தலைவர். குழு கைதட்டியது.

"அது நிக்கிற இடம் சார். கிளம்பினது முப்பத்திரெண்டுல. ஏறினது பதினெட்டுதானே?"

செயலாளர் விரல்விட்டு எண்ணினார். "பதினெட்டுதான் வருது சார்" என்றார், சாவுச் செய்தி சொல்வதுபோல.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தர் எவ்வளவு ஏறினார்னா ஆபீஸ்ல பாக்கிறோம்? எங்க உக்காந்திருக்கார்னுதானே பாக்கிறோம்?"

மறுக்க முடியாத வாதம். அறையிலிருந்த ஏழு நாற்காலிகளும் அதற்குச் சாட்சி.

"ஆனா கேள்வி கேக்கிறது உயர்வை சார். நிக்கிற இடத்தை இல்ல."

தலைவரின் முகம் மலர்ந்தது. "அப்ப தப்பு கேள்வியிலதான். இதை முதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

டீச்சருக்கு உயிர் வந்தது.

விடையின் கண்ணியத்தைக் காக்கும்பொருட்டு, கேள்வி முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது: "பத்து டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு?" திருத்திய கேள்விக்குப் பதினெட்டு தவறான விடை. மாணவி தேறவில்லை. பாலிடெக்னிக் இடம், ஐம்பது என்று எழுதிய ஒருவருக்குப் போனது.