டப்பாவை எடுத்த பிறகும் சுற்றிப் போகிறவர்கள்

அன்பும் கணினி ஞானமும் ஒருங்கே வாய்த்த என் மைத்துனருக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது.

அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் அக்காள் சௌக்கியம். எறும்புகள் பரம சௌக்கியம். மிச்சம் இருப்பது நான் ஒருவன், என்னைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். அந்தப் போனை இனித் தொடுவதில்லை என்று இன்று காலை சபதம் எடுத்து, பீரோவில் பழைய துணிகளுக்கு அடியில் புதைத்துவிட்டு, தாளும் பேனாவுமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சமையல் மேடையில் ஊரும் எறும்புகளைப் பார்க்க ஆரம்பித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். மேடையின் ஒரு மூலையில் ஒரு ஸ்பூன் சர்க்கரை, வழியில் குறுக்கே ஒரு டப்பா. எறும்புகள் டப்பாவைச் சுற்றிக்கொண்டு போகும், அதிலே அதிசயம் ஒன்றுமில்லை. டப்பாவை எடுத்த பிறகும், இல்லாத டப்பாவைச் சுற்றிக்கொண்டே நாள்கணக்கில் போகின்றன பாருங்கள், அதுதான் என் கண்டுபிடிப்பு. வேலை பார்த்த காலமெல்லாம் யாரோ கண்டுபிடித்ததையே பாடம் நடத்தியவனுக்கு, தானாக ஒன்றைக் கண்டுபிடித்தது எவ்வளவு பெரிது என்று உங்களுக்குப் புரியும். ஆசையோடு ஓர் ஆய்வு மாநாட்டுக்கு எழுதிப் போட்டேன். ஒரே ஒரு சமையலறையை வைத்துக்கொண்டு எறும்புகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது, இன்னொரு சமையலறையிலாவது வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், அப்படியானால் மாநாட்டில் பேச மேடை தருகிறோம் என்று செயலாளர் பதில் எழுதினார். இன்னொரு சமையலறைக்கு நான் எங்கே போவேன்? அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டி, உங்கள் வீட்டில் எறும்பு உண்டா என்று பணிவாகத்தான் கேட்டேன். எல்லாரும் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்றார்கள். எதிர்வீட்டு அம்மாள் அன்றிலிருந்து உங்கள் அக்காளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். ஆய்வுக்குக் கூட்டாளி தேடுகிறவர்களுக்கென்றே ஒரு இணையத்தளம் இருக்கிறது அத்தான், தலைப்பைப் போட்டால் உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வரும் என்று சொல்லி, என் பேரில் கணக்குத் திறந்து, போனைக் கையில் திணித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டீர்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நீங்கள்தான் மச்சான், இதை நான் மறக்க மாட்டேன். ஆட்கள் வந்தார்கள். முதலில் ஒரு முனைவர். அவருடைய அறிமுகப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் எனக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. நான் எதை அனுப்பினாலும் 'அருமை' என்று ஒரு சொல் அனுப்புவார், கட்டுரையில் தன் பெயர் முதலில் வருமா என்று அடுத்த சொல் அனுப்புவார். அவருடைய சமையலறையைப் பற்றிக் கேட்டால் பயணத்தில் இருப்பார். அடுத்தவர் வரைபடம் போடுகிறவர். நான் ஒரு எறும்பைக்கூட எண்ணி அனுப்பாத போதே அவர் படம் தயாராகிவிட்டது. நல்ல நீல நிறத்தில் மலை மாதிரி ஏறி இறங்கியது. இது எதைக் காட்டுகிறது என்று கேட்டேன். அதை நீங்கள்தான் சார் இதற்கேற்ற மாதிரி எண்ணித் தர வேண்டும் என்றார்.

மூன்றாவதாக வந்தவர் 'அடுக்களை' என்று பெயர் வைத்துக்கொண்டவர். படம் இல்லை, ஊர் இல்லை, பட்டம் இல்லை. ஆனால் வேலை என்றால் அதுதான் வேலை. எத்தனை எறும்பு நேராகப் போயிற்று, எத்தனை சுற்றிப் போயிற்று, மேடை ஈரமா, ஜன்னல் திறந்திருந்ததா என்று ஒன்று விடாமல் தினமும் வந்துவிடும். இவ்வளவு ஒழுங்கு உள்ளவர் ஓய்வு பெற்ற கப்பல் பொறியாளராகத்தான் இருக்க வேண்டும், பாவம் தனிக்கட்டை என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இதிலே அதிசயத்தைக் கேளுங்கள். அவர் வீட்டு எறும்புகளும் என் வீட்டு எறும்புகளும் அச்சு அசலாக ஒரே மாதிரி நடந்துகொண்டன. இங்கே பால் பொங்கி வழிந்து எறும்புகள் திசை மாறிய அன்று, அங்கேயும் பால் பொங்கி வழிந்து எறும்புகள் திசை மாறின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்காணாத ஊரில் இருக்கிற எறும்புக்கும் இங்கே இருக்கிற எறும்புக்கும் ஒரே விதி என்றால் சும்மாவா? தங்களைப் போன்ற ஒருவர் கிடைத்தது என் பாக்கியம், தங்கள் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன் என்று அவருக்கு நீளநீளமாக எழுதுவேன். இதற்கு நடுவே உங்கள் அக்காள் வேறு, எறும்பு மருந்து அடிக்கிறவரைக் கூப்பிடப் போகிறேன் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தாள். நல்லவேளையாக அந்த மனிதர் வாராவாரம் ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறாராம். சோம்பேறிகளாலும் அறிவியலுக்கு நன்மை உண்டு.

கெட்டது எங்கே என்றால் என் மரியாதைக் குணத்தில். தளத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதவி கொடுக்க வேண்டும்: தலைமை ஆய்வாளர், உதவியாளர் என்று. முனைவரை உதவியாளர் என்று போட்டால் மனம் நோகுமே, முனைவரைத் தலைமை என்று போட்டுவிட்டு மற்ற இருவரை விட்டால் அவர்கள் மனம் நோகுமே என்று, நால்வரையும் தலைமை ஆய்வாளராகப் போட்டுவிட்டேன். கல்யாண வீட்டில் எல்லாரும் சம்பந்தி என்றால் பந்தி பரிமாறுவது யார்? தலைவர்களில் பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டால் ஒரு தலைவரை நீக்கிவிடலாம் என்று அந்தத் தளத்தில் ஒரு விதி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? நேற்றுக் காலை திறந்து பார்க்கிறேன், என் ஆய்வுக்குள் என்னையே விடவில்லை. மூன்று பேரும் சேர்ந்து என்னை நீக்கிவிட்டார்கள். பெயர் முதலில் வராத கோபம் முனைவருக்கு, நீல மலையை மறுத்த கோபம் படக்காரருக்கு, அதுகூடப் போகட்டும். அடுக்களையும் கை தூக்கியிருக்கிறார் மச்சான். காரணம் என்று எழுதியிருக்கிறார்: 'இவருக்கு ஓய்வு தேவை. சாப்பாட்டு நேரத்தில்கூடச் செய்தி அனுப்புகிறார்.' உலகத்தில் எல்லாரும் ஒரே நேரத்திலா சாப்பிடுகிறார்கள்? என் சாப்பாட்டு நேரம் அவருக்கு எப்படித் தெரியும்? மற்ற இருவர் செய்தது எறும்புக் கடி. இவர் செய்தது உண்மையிலேயே வலித்தது.

மாநாட்டுக்கு எண்ணிக்கைகளை அனுப்ப இந்த வாரம்தான் கெடு. அத்தனையும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கின்றன. வேறு வழியில்லாமல் என் ஆய்வில் என்னைச் சேர்த்துக்கொள்ளும்படி நானே விண்ணப்பம் போட்டேன். இத்துறையில் முன்னனுபவம் உண்டா என்று கேட்டது. இந்த ஆய்வே நான்தானய்யா என்று எழுதினேன். அந்தப் பதில் ஏற்கப்படவில்லை, உண்டு அல்லது இல்லை என்றுதான் சொல்ல வேண்டுமாம். பிறகு அடுக்களையிடமிருந்து ஒரு கேள்வி வந்தது, கூட வேலை செய்கிறவர் பேசினால் காது கொடுத்துக் கேட்பீர்களா என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே உங்கள் அக்காளிடம் போய், என்னைப் பார்த்து இப்படிக் கேட்கிறான் பார் என்று கத்தினேன். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "கேப்பீங்களா?" என்றாள். "எதை?" என்றேன். அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் கிளம்பி வந்து, என் எண்ணிக்கைகளை மட்டும் எப்படியாவது வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு, என் கணக்கை வேரோடு பிடுங்கிப் போட்டுவிடுங்கள். கூட்டாளி சகவாசமே இனி வேண்டாம். எறும்பு பார்க்கிறவனுக்குத் தனிமைதான் லாயக்கு. வரும்போது உங்கள் அக்காளிடமும் நாலு வார்த்தை சொல்லுங்கள். இந்த வீட்டில் என் ஆய்வைப் பற்றி ஒரு துளி அக்கறை கிடையாது.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, தங்கள் பெயர் முதலில் வரும்படி வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தன் ஆய்விலிருந்தே தள்ளிவைக்கப்பட்ட உங்கள் அத்தான்

பி.கு.: வர வேண்டாம். கணக்கைப் பிடுங்க வேண்டாம். உறை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். உறைகளை உங்கள் அக்காள் அங்கேதான் ஒரு டிராயரில் வைத்திருப்பாள். அவள் மேடைக்கு முன்னால் குனிந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, உதட்டை அசைத்து எறும்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கையில் அவளுடைய போன். "பதினேழு நேரா, மிச்சமெல்லாம் சுத்தி. இருங்க, அனுப்பிட்டு வர்றேன்" என்றாள், நான் வந்ததைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளாமல். மருந்துக்காரரை அவள் கூப்பிடவே இல்லையாம். அவளுக்கு 'அடுக்களை' என்று கணக்குத் திறந்து கொடுத்ததும் நீங்கள்தானாம். அதை நேரில் பேசிக்கொள்வோம்.

ஏன் இதைச் செய்தாய் என்று கேட்டேன். "எறும்பு பாக்க ஆரம்பிச்சதிலிருந்து எங்கிட்ட தண்ணி, டீன்னு ரெண்டு வார்த்தைதான் பேசுறீங்க. அடுக்களைக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதுறீங்க. அதுல ஒன்னையாவது வாங்கிப் படிக்கலாமேன்னுதான்" என்றாள். நீக்கியது எதற்கு என்றேன். "தூங்குவீங்கன்னுதான். அப்பவும் தூங்கல" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான். சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை நாளும் அவளைச் சுற்றிக்கொண்டே போயிருக்கிறேன், குறுக்கே ஒன்றுமே இல்லாதபோதும்.

முனைவரும் படக்காரரும் வேறு ஆய்வுக்குப் போய்விட்டார்கள். இப்போது ஒரே தலைமை ஆய்வாளர் உங்கள் அக்காள். என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள், தட்டுக்குப் பக்கத்தில் போன் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இரண்டாவது சமையலறையும் என்னுடையதேயான படியால் என் உலக விதி தவிடுபொடி. இந்த வருஷ மாநாடு போனது போனதுதான். அடுத்த வருஷத்துக்கு உங்கள் சமையல் மேடையில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஒரு டப்பாவும் வைத்து, நாளை காலையிலிருந்து எண்ணத் தொடங்குங்கள் என்று தலைமை ஆய்வாளர் உத்தரவு. எண்ணப்போவது நீங்களா தங்கச்சியா என்பதை மட்டும் இருவரும் உட்கார்ந்து பேசி, முதலிலேயே எனக்கு எழுதிவிடுங்கள்.