கையைக் கட்டிப்போட்ட கணக்கு

எம் பொண்டாட்டி பவுனு மனக்கணக்குல புலி. அந்தப் புலி குடியிருக்கது அவ பெருவிரல்ல. பெருவிரல் மத்த விரல் கணுவுல எல்லாம் ஏறி எறங்கும், விடை வந்து விழும். அப்ப கையைக் கட்டிப்போட்டா? மூளையும் படுத்துக்கும்! என்னைய மாதிரி நைட் ஸ்கூல்ல படிச்சவன் கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும்.

வர்ற ஞாயித்துக்கிழமை பெரியகுளத்துல மச்சினன் வீட்டுக் காதுகுத்து. எனக்கோ கூட்டாளிகளோட சுருளி அருவியில குளிக்கணும். காலையிலயே பந்தயத்தைப் போட்டேன்.

"பவுனு, ஒரு கணக்கு. விடை சொன்னா காதுகுத்துக்கு வாரேன். சொல்லலைன்னா சுருளிக்குப் போயிருவேன்."

"கேளுங்க."

"ஒரு வாழைத்தாருக்கு ஒம்பது சீப்பு. சீப்புக்குப் பதினாலு காய். மூணு தாருக்கு எத்தனை காய்?"

நிதானமா ஒரு சிரிப்புச் சிரிச்சேன். வெத்தலை போட்டேன். அப்புறந்தான் குண்டைத் தூக்கிப் போட்டேன்.

"இப்பக் கையைக் கட்டிக்க. விடை சொல்ற வரைக்கும் கை அசைஞ்சா நீ தோத்த."

பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டுட்டு, பவுனு கையைக் கட்டிச் சம்மணம் போட்டுட்டா.

"ஏங்க, பால் பொங்குது."

"எறக்கு."

"கை அசையுமே?"

ஓடுனேன்.

"விடை?"

"பாதி வந்துருச்சு. சோறு கொழைஞ்சா மீதி வராது."

வடிச்சேன். கத்திரிக்காய் நறுக்குனேன். துணி அலசுனேன். பாத்திரம் வெளக்க உக்காந்தேன்.

"அண்ணன் என்னமா வெளக்குறாக! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே"ன்னு கஸ்தூரியம்மா பெருமூச்சு விட்டுச்சு.

கடைசிச் சட்டியைக் கவுத்துனேன். பவுனு வாயைத் தொறந்தா.

"முந்நூத்தி எழுபத்தெட்டு."

சரியான்னு பாக்கணுமே. எனக்கே விடை தெரியாது. என் பெருவிரல் சோப்பு நுரையோட கணுவுல ஏறுச்சு. வழுக்குச்சு. திரும்ப ஏறுச்சு.

"அண்ணே, உங்க கைதான் அசையுது!"ன்னுச்சு கஸ்தூரியம்மா.

ஒருவழியாப் பிடிபட்டுச்சு. விடை சரிதான். சுருளி போச்சு.

"விரலே இல்லாம எப்படிடி போட்ட?"

"கணக்கைச் சொல்லிட்டுச் சிரிச்சீகல்ல? அப்பவே முந்தானைக்குள்ள எண்ணிட்டேன். அதுக்குப் பெறகுதான கையைக் கட்டச் சொன்னீக?"

"அப்பவே விடையைச் சொல்லித் தொலைய வேண்டியதுதான!"

"பாத்திரம் கெடந்துச்சுல்ல."