மூக்கர் அடித்த மணி

நாஞ்சில் நாட்டில் மூக்கு உள்ளவர்கள் எத்தனையோ பேர் உண்டு. மூக்கையே உத்தியோகமாக வைத்திருந்தவர் எங்கள் மூக்கர் ஒருவர்தான்.

திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் நாங்கள் இருந்த காலம். குளச்சல் சாலையில் ஒரு ஐஸ் கம்பெனியில் நான் குமாஸ்தா. ஐஸ் உறைய வைப்பது அமோனியா வாயு. குழாயிலிருந்து கொஞ்சம் கசிந்தால் கண் எரியும். நிறையக் கசிந்தால் ஆளே காலி. இப்போதெல்லாம் இதற்குச் சுவரில் ஒரு கருவியை மாட்டிவிடுகிறார்கள், அதுவே அலறுமாம். எங்களுக்குச் சுவரோரம் ஸ்டூல் போட்டு மூக்கரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் கையில் மணிக்கயிறு. மணி அடித்தால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. இன்ஜினை நிறுத்திவிட்டு வெளியே ஓட வேண்டும்.

அந்த மூக்கை அவர் பராமரித்த அழகு இருக்கிறதே! பொடி கிடையாது, பீடி கிடையாது. காலையில் உப்புநீர் விட்டுக் கழுவுவார். வாசலில் நின்று கடல்காற்றை இழுப்பார். பிறகு குப்பியிலிருந்த அமோனியாத் தண்ணீரைத் துணியில் ஒற்றி முகர்ந்து, ஒரு துள்ளு துள்ளி, "செரி, மூக்கு வேல செய்யுது" என்று அறிவித்த பிறகுதான் இன்ஜின் ஓடும். சம்சாரம் பூ வைத்துக்கொண்டு சோறு கொண்டுவந்தால்கூட, "ஏட்டி, அங்கயே நில்லு! மூக்கைக் கெடுத்துப் போடாத" என்பார்.

நாள்பட்ட சுறா மீனுக்கும் கிட்டத்தட்ட அமோனியா வாடைதான். சுறா வண்டி வந்தால் மணி நிச்சயம். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

"ஓய், அது சுறாவே!"

"இருக்கட்டும் மொதலாளி. சுறாவுக்கு ஓடினவன் எவனும் செத்ததில்ல."

ஒரு ஆனி மாதச் சாரலில் மூக்கருக்கு ஜலதோஷம் பிடித்தது. காலையில் வெறும் தும்மல்தான். கரையில் மீன் குவிந்து, ஐஸுக்கு வண்டிகள் வரிசை கட்டி நின்ற நேரத்தில், குப்பியை எடுத்து முகர்ந்தார். துள்ளவில்லை. இன்னொரு தடவை முகர்ந்தார். உடனே கயிற்றை இழுத்துவிட்டார்.

எல்லோரும் ஓடி வந்தோம்.

"எங்கவே கேஸ்?" என்றார் முதலாளி.

"இருக்கோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? எனக்க மூக்கு அடஞ்சு போச்சு."

"மூக்கடைப்புக்கா மணி அடிச்சீரு?"

"பின்னே? நான் சும்மா இருந்தா, கேஸ் இல்லேன்னுல்லா எல்லாவனும் நினைப்பான்!"

முதலாளிக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "ஒமக்கு இன்னையோட சோலி இல்ல. எல்லாரும் உள்ள போங்கலே!"

ஐஸ் தொட்டி அறைக்கு மிஷின் அறை வழியாகத்தான் போக வேண்டும், வேறு வாசலே இல்லை. முதலில் படியில் கால் வைத்தவர் தொட்டி வேலையிலிருந்த என் அத்தான், அக்காவின் புருஷன். அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள்.

மூக்கர் வாசலில் கை விரித்து மறித்தார். "சோலி போனா போட்டு. என்னைத் தள்ளிப் போட்டுப் போ மக்கா, பாப்பம்!"

அத்தான் தயங்கினார். முதலாளி வந்து மூக்கரின் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே புஸ்ஸென்று பெரிய சத்தம். மிஷின் அறையிலிருந்து வெள்ளைப் புகை பொங்கி வந்தது. முதலாளியைத் தோளோடு அணைத்துத் தள்ளிக்கொண்டு, "காத்துக்கு எதிர ஓடுங்கலே!" என்று மூக்கர் கத்தினார்.

தென்னந்தோப்பில் போய் விழுந்தோம். இருமல், கண்ணீர். அத்தான் பக்கத்தில் இருக்கிறாரா என்று தடவித் தடவிப் பார்த்தேன். இருந்தார். மூக்கர் மட்டும் சந்தேகத்தோடு கேட்டார்:

"மொதலாளி, நாத்தம் வருதா?"

"வருதுவே, வருது!" என்று முதலாளி அழுதார்.

மூக்கரின் ஜலதோஷம் தீரும்வரை முதலாளி இன்ஜினைத் தொடவே இல்லை. அக்கா நாள்தோறும் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தனுப்பினாள். ஒருநாள் நான் டம்ளரை நீட்டியபோது மூக்கர் முகத்தைச் சுளித்தார்.

"சவம், கையில என்ன வெங்காய நாத்தம்? தள்ளி நில்லுடே!"

அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.