கடல்நீரில் விளக்கேற்றிய கதை

மாயாஜாலக் கதை வாசிக்கிற பிள்ளையை வீட்டில் தனியாக விடலாம். மண்ணெண்ணெய்ப் போத்தலோடு மட்டும் விடக்கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் முதற்பாதி. போர்க்காலம். எங்கள் ஊர் முரசுமோட்டையில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் குதிரைக்கொம்பு. பன்னிரண்டு வயதான நான், வாசிகசாலையில் அகப்பட்ட ஒரு மாயக்கதைப் புத்தகத்தை மனப்பாடமாக்கி வைத்திருந்தேன். கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன புத்தகம். அதில் ஓர் இளவரசி, இருண்ட தேசத்தில் மந்திரம் சொல்லித் தண்ணீரில் விளக்கேற்றுவாள்.

இதையெல்லாம் நம்பினாயா என்று கேட்காதீர்கள். (கேட்டாலும் பரவாயில்லை, பழகிவிட்டது.) பெற்றோல் கிடைக்காமல் அப்பாவின் மோட்டார்சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. அண்ணா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோவைப் பாடவைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கு எரிகிறது, ஊரே கும்பிடுகிறது. இப்படிப்பட்ட நாட்டில் எதுதான் நடக்காது?

அந்த வருடப் பொங்கலுக்குப் போனபோது கடற்கரையில் ஒரு போத்தல் நீர் அள்ளிவந்து ஒளித்து வைத்தேன்.

அக்காவுக்குப் பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சை வந்தது. அவர் படிப்பதற்கென்றே அம்மா அரைப் போத்தல் மண்ணெண்ணெயைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். முதல் பரீட்சைக்கு முந்தைய நாள் பின்னேரம், அந்தப் போத்தலைக் கடல்நீரால் நிரப்பி, நன்றாகக் குலுக்கி, விளக்கிலும் ஊற்றினேன்.

"அக்கா, இனி நீங்கள் எவ்வளவும் படிக்கலாம்!" என்று அறிவித்தேன்.

அக்கா நெருப்புக்குச்சியை உரசினார். திரி சடசடத்தது, துப்பியது, அணைந்தது. நான் பதறவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி, தொண்டை கிழிய மந்திரத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன, பேய் பிடிச்சிட்டுதே?"

அம்மா போத்தலை மணந்து பார்த்தார். "என்னடி செய்தனி?"

"கடல்தண்ணி விட்டனான். அம்மன் கோயில்ல எரியுதுதானே?"

"அது அம்மன்ர விளக்கடி! நீ என்ன அம்மனே?"

அக்கா அழத் தொடங்கினார். "விடிஞ்சா எனக்குச் சோதினை. இனி எதில படிக்கிறது, அம்மா?" அதைக் கேட்டபிறகுதான் என் பிழை எனக்கு விளங்கியது. நானும் சேர்ந்து அழுதேன்.

அம்மா பூவரசம் தடி முறிக்கப் போய் வருவதற்குள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போத்தலை உற்றுப் பார்த்தார்.

"அம்மா, அடியாதேங்கோ. எண்ணெய் மேல நிக்குது."

மூச்சை அடக்கிக்கொண்டு மேலிருந்ததை வேறு போத்தலுக்குச் சரித்தார். "எடியே, அந்த இளவரசி கடைசியில என்ன செய்தவள்?" என்றார் என்னிடம்.

"தெரியாது அக்கா. கடைசிப் பக்கம் இல்லை."

"அப்ப நீயே சொல்லு."

மந்திரம் பலிக்காமல் போனதும் இளவரசியின் அக்கா வந்து நாட்டைக் காப்பாற்றினாள் என்று அவசரமாக ஒரு முடிவு கட்டினேன். (அடி விழாத முடிவு.) விளக்கைக் கவிழ்த்துத் துடைத்து, அந்த எண்ணெயை ஊற்றிப் புதுத் திரி போட்டதும் எரிந்தது. அக்கா படித்தார், பரீட்சை எழுதினார், வென்றார். நான் அன்று தொடங்கிய கதைகட்டலை இன்னும் நிறுத்தவில்லை.

அந்தப் புத்தகம் என்னை முட்டாளாக்கியது உண்மைதான். ஆனால் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்ற பதிலே கிடைத்த காலத்தில், 'ஏன் முடியாது?' என்று கேட்க வைத்ததும் அதுதான். அதற்காக அதை இன்றும் நேசிக்கிறேன்.

அக்கா இப்போது இரசாயனவியல் ஆசிரியை. ஒன்றோடொன்று கலவாத திரவங்கள் என்ற பாடத்துக்கு வருடாவருடம் நான்தான் உதாரணம். ஒருமுறை அவருடைய வகுப்புக்குள் நுழைந்தபோது மாணவிகள் எழுந்து நின்று சிரித்தார்கள்.

"ஓம், இவாதான்," என்றார் அக்கா. "ஆனா சோதினையில இவான்ர கதையை எழுதிப்போடாதேங்கோ."

"போன தவணைச் சோதினையில நான் எழுதினனான், மிஸ்," என்றாள் பின்வரிசைப் பிள்ளை. "நீங்கள் சரி போட்டனீங்கள்."