சுவரை நக்கிப் பார்த்த நிபுணர்

எங்கள் கரையோரத்து ஊர்களில் கலியாணப் பேச்சு என்றால் முதலில் அளக்கப்படுவது வீடு. பெண்ணின் நிறம், படிப்பு, தொழுகை எல்லாம் அதற்குப் பிறகுதான். மாப்பிள்ளை ஒரு சூட்கேசுடன் வருவார். வீட்டைப் பெண்ணைப் பெற்றவர் கொடுக்க வேண்டும். (அந்தச் சூட்கேசும் சில இடங்களில் பெண் வீட்டார் வாங்கிக் கொடுத்ததுதான்.) என் தங்கச்சிக்கு முதலில் வந்த சம்பந்தம், வீடு இல்லை என்ற ஒரே காரணத்தால் கலைந்தது. இரண்டாவது சம்பந்தம் வந்ததும் வாப்பா வயலில் பாதியை விற்றுவிட்டு, கட்டிய வீடொன்றைத் தேடி அலைந்தார். இதுவும் கலைந்தால் பிள்ளையின் பேர் ஊரில் அடிபட்டுப் போகும் என்று உம்மா அழுதுகொண்டிருந்தார்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்துச் சில வருடங்கள் போயிருந்த காலம் அது. கல்முனையில் பள்ளிவாசலை ஒட்டிய பழைய குடியிருப்பில், சவூதி போய் வந்த ஒருவர் புது வீடு கட்டி விலைக்குப் போட்டிருந்தார். சுற்றிவர எல்லாம் பழைய ஓட்டு வீடுகள். நடுவில் இது மட்டும் பச்சைப் பெயிண்டும் பூப்போட்ட கம்பி ஜன்னலுமாக நின்றது. நான் அப்போதுதான் கொழும்பில் கட்டிடப் படம் வரையும் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்திருந்தேன். சம்பந்தம் பேசிய நேரம் ஊரில் இல்லாததால் மாப்பிள்ளை பக்கத்து ஆட்களை எனக்குத் தெரியாது. ஆனால் வீடுகளைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்ற எண்ணம் இருந்தது. நான் பார்த்துச் சொல்லும்வரை வாயே திறக்கக் கூடாது என்று வாப்பாவுக்கே உத்தரவு போட்டேன்.

குறித்த நாளில் இடுப்பில் அளவு நாடாவும் கையில் இரசமட்டமுமாகப் போய் இறங்கினேன். (வீடு பார்க்க வந்தவனா, வீட்டைக் கைதுசெய்ய வந்தவனா என்று சொல்ல முடியாத கோலம்.) வாப்பா வீட்டுக்காரருடன் பின்வளவில் எல்லை பார்த்துக்கொண்டிருந்தார். முன் விறாந்தையில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் வெற்றிலை மென்றபடி இருந்தார். தரகர் என்று பார்த்தவுடனேயே முடிவுகட்டினேன். தரகர் முன்னால் வீட்டைப் புகழ்ந்தால் விலை ஏறும், குறை சொன்னால் இறங்கும் என்ற தந்திரம் உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஊடு எப்படி மகன்?" என்று கேட்டார் பெரியவர்.

நான் மடையைத் திறந்துவிட்டேன். நிலம் கிழக்கே சரிகிறது என்றேன். (சரிந்தது இரசமட்டத்தைப் பிடித்திருந்த என் கை.) குசினியில் சமைக்க இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ஜன்னலால்தான் உள்ளே வர வேண்டும் என்றேன். கூரையின் அஸ்பெஸ்டஸ் சீட்டுகள் அடுத்த சூறாவளிக்கு அக்கரைப்பற்றில் போய் விழும் என்றேன். பெரியவர் அறை அறையாகப் பின்னால் வந்து, "அப்படியா மகன், மறுகா?" என்று அடுத்ததை அடுத்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தார். என் பேச்சை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை, மயங்கிவிட்டேன். சுவரில் கடல் மண் கலந்திருக்கிறது, உப்புக் கரிக்கும் என்று சொன்னதோடு நிற்காமல், நிரூபிப்பதற்காக நாக்கை நீட்டிச் சுவரை நக்கியும் காட்டினேன்.

இதற்கிடையில் வாப்பா வாசலுக்கு வந்து கண்ணைக் கண்ணைக் காட்டினார். விலை இறங்குகிறது, விடாதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டு கிணற்றையும் பிடித்தேன். அந்தத் தண்ணீரில் ஆக்கினால் கறிக்கு உப்பே போடத் தேவையில்லை என்றேன்.

"மகன்," என்றார் வாப்பா, குரல் செத்துப்போய். "இவர்தான் மாப்பிள்ளைட வாப்பா. ஊட்டப் பார்க்க நான்தான் வரச் சொன்ன."

வெட்கத்தில் அந்த உப்புக் கிணற்றிலேயே குதித்திருப்பேன். பெரியவர் கோபப்பட்டிருந்தாலாவது காலில் விழுந்திருக்கலாம். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நல்ல விசயம் தெரிஞ்ச புள்ள. எனக்கு ஊட்டப் பத்தி ஒண்டும் தெரியா. புதுசு, வடிவா இரிக்கி, சரியெண்டு சொல்லிட்டுப் போகத்தான் வந்த. இப்ப நீங்க சொன்ன குறையெல்லாம் திருத்தினதுக்குப் பிறகு நிக்காஹ்வ வெச்சிக்குவம்."

வீட்டுக்காரரோ விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. இவ்வளவு குறை கண்டும் ஒருவன் போகாமல் நிற்கிறான் என்றால் அவனுக்கு வேறு வழியில்லை என்று அவருக்கு விளங்கியிருந்தது. சாந்தைக் கொத்தி மறுபடி பூசினோம், குசினியை இழுத்துக் கட்டினோம், கூரையைப் பிரித்துப் போட்டோம். மிச்ச வயலிலும் ஒரு துண்டு போனது. நிக்காஹ் அடுத்த வெள்ளாமை வெட்டும்வரை தள்ளிப்போனது. அண்ணனை நானா என்று கூப்பிடும் தங்கச்சி அந்த மாதங்களில் என்னுடன் முகம்கொடுத்துக் கதைத்தது ஒரே ஒரு தடவை.

"நானா, நீங்க எனக்கு ஊடு பார்க்கப் போனீங்களா, மாப்பிள்ளைக்கு வக்கீலாப் போனீங்களா?"



காலம் போய் என் மகளுக்குச் சம்பந்தம் வந்தது. அவளுக்காக நானே படம் வரைந்து, நானே நின்று கட்டிய வீட்டைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. அன்று காலையில் பார்த்து என் மனைவி, வருகிறவர்களுக்கு ஆக்க அரிசி இல்லை, சம்மாந்துறை மில்லுக்குப் போய் நல்லதாகப் பார்த்து எடுத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். வெயிலில் போய், மூட்டையும் நானுமாகத் திரும்பி வந்தபோது, அவர்கள் வீட்டைப் பார்த்து, ஒரு குறையும் சொல்லாமல் பேசி முடித்து, சாப்பிட்டும் போயிருந்தார்கள். மூட்டையை வைக்கச் சாமான் அறையைத் திறந்தேன். உள்ளே கூரை முட்ட அரிசி மூட்டைகள். யோசனை தங்கச்சியுடையதாம்.